ஷீட் வீட்டில் மழை பெய்தாலும் பாட்டு கேட்கணும்: முதல் ஹெட்போன் வாங்குபவர்களுக்கு

நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி மழையில் ஷீட் போட்ட வீட்டுக்குள் உட்கார்ந்து போனில் வகுப்பு கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மழை வலுத்தால் திரையில் வாத்தியாரின் வாய் மட்டும்தான் அசையும். சத்தத்தை முழுசாகக் கூட்டினாலும் கூரைதான் ஜெயிக்கும். எங்கள் லைனில், அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளில், நாலு வீடு தள்ளி இருக்கும் பையன் போன மாதம் வந்து, "அண்ணா, 1500 ரூபா சேத்து வெச்சிருக்கேன், நல்ல ஹெட்செட்டா ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டான். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான், ராத்திரியில் பாட்டு கேட்பான், வாரத்தில் இரண்டு நாள் மேட்டுப்பாளையத்துக்கு பஸ்ஸில் போய் வருகிறான். அன்றைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். இதே கேள்வியோடு வருகிற பலரும் பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குகிறார்கள், தங்கள் காதையும் தாங்கள் உட்காரும் இடத்தையும் பார்ப்பதில்லை, காசு போவது அங்கேதான்.

விலையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கையில் ஆயிரம் ஆயிரத்தைநூறு வைத்திருப்பவர்கள் "இந்தக் காசுக்கு என்ன கிடைக்கப் போகிறது" என்ற மனக்குறையோடுதான் ஆரம்பிக்கிறார்கள். அது தேவையில்லை. 2017-ல் யெரூன் பிரேபார்ட் என்ற ஒலி ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை வைத்துக்கொண்டு, விலைக்கும் அவை எந்த ஸ்வரத்தை எவ்வளவு எழுப்புகின்றன என்பதற்கும் தொடர்பு இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார். தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. காசு கூடக் கூட உலோக உடம்பு, நல்ல வயர், மெத்தென்ற பஞ்சு, சத்தம் தடுக்கும் வசதி என்று பலதும் சேரும், ஆனால் பாட்டு காதுக்குச் சரியான அளவில் வந்து சேர்வது ஆயிரம் ரூபாய்ப் பொருளிலும் நடக்கும், பதினைந்தாயிரம் ரூபாய்ப் பொருளில் நடக்காமலும் போகும். அதனால் 500-க்கும் 2500-க்கும் நடுவில் நிதானமாகத் தேர்ந்தெடுப்பவர்களுக்குக் குறை ஒன்றும் வராது.

முதலில் இடத்தைப் பாருங்கள்

ஒரு தாளில் எழுதுங்கள்: எங்கே உட்கார்ந்து கேட்கப் போகிறீர்கள், அங்கே தொந்தரவாக இருக்கும் சத்தம் எது. மலையில் இருக்கிற நமக்குப் பெரும்பாலும் இரண்டு சத்தம்தான், கூரை மேல் மழை, மலையேறும் பஸ்ஸின் எஞ்சின். இரண்டும் ஒரே மாதிரி இரைச்சல் என்று நினைப்போம், ஆனால் ஹெட்போனுக்கு இரண்டும் முற்றிலும் வேறு.

இப்போது எல்லாப் பெட்டியிலும் ஏஎன்சி என்று போடுகிறார்கள். வெளியே இருக்கும் மைக் சுற்றியுள்ள சத்தத்தை வாங்கி, அதற்கு நேர் எதிரான அலையைக் காதுக்குள் விட்டு இரண்டையும் ஒன்றோடொன்று கழிக்கும் வேலை அது. முதல் கியரில் ஒரே சீராக உறுமிக்கொண்டு ஏறும் பஸ், பக்கத்தில் ஓடும் மோட்டார், தேயிலை ஃபேக்டரியின் உலர்த்தும் மின்விசிறி, இப்படிக் கனமான, மாறாத சத்தத்தை அது நன்றாகக் குறைக்கும். ஷீட் மேல் விழும் மழை அப்படியில்லை, ஆயிரக்கணக்கான துளிகள் தனித்தனியாகத் தட்டும் சத்தம், கனமும் கீச்சும் எல்லாம் கலந்து வரும். ஹெர்ட்ஸ் என்பது சத்தம் எவ்வளவு கீச்சு என்பதன் அளவு, ஏறத்தாழ 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே போய்விட்டால் ஏஎன்சி பெரிதாக ஒன்றும் செய்யாது, அங்கே உதவுவது காதை அடைக்கும் ரப்பர்தான். வீட்டில் மழைக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் 2000 ரூபாய்க்குள் இருக்கிற ஏஎன்சிக்குக் காசு கொடுக்காதீர்கள். காதுக்குள் அடைத்து உட்காரும் சாதாரண வயர் இயர்போன் அதைவிட நன்றாகத் தடுக்கும்.

இன்னொரு எழுத்து இருக்கிறது, ஈஎன்சி. இதுதான் நிறையப் பேரை ஏமாற்றுகிறது. ஈஎன்சி என்பது உங்கள் மைக்குக்கு, நீங்கள் போனில் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் பக்கத்து இரைச்சல் குறைவாகக் கேட்கும், அவ்வளவுதான். உங்கள் காதுக்கு அதனால் மழை ஒரு துளிகூடக் குறையாது. இரண்டு எழுத்துக்களும் பெட்டியில் ஒரே மாதிரி பெரிசாக அச்சாகியிருக்கும், நின்று படித்துவிட்டு வாங்குங்கள்.

ராத்திரியில் எல்லோரும் தூங்கின பிறகு அமைதியான அறையில் கேட்பவர்களுக்கு இந்தத் தடுப்பு எதுவும் தேவையில்லை. ஆனால் லைன் வீட்டில் நடுச்சுவர் மெல்லிசு, பக்கத்துக் கட்டிலில் தங்கச்சி தூங்குகிறாள் என்றால், பின்பக்கம் திறந்த வகை ஹெட்போன் வேண்டாம். அதில் பாட்டு வெளியேயும் அப்படியே கேட்கும். திறந்த வகையில் பாட்டு காற்றோட்டமாக, மூச்சு முட்டாமல் இருக்கும் என்பது உண்மைதான், 1984-ல் வந்த கோஸ் போர்ட்டா ப்ரோ இன்றைக்கும் விற்பனையில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். தனி அறை உள்ளவர்கள் அந்த வகையைத் தாராளமாகப் பாருங்கள்.

அப்புறம் எங்கே கேட்கக் கூடாது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். எஸ்டேட் பாதையில் சாயங்காலம் தனியாக நடக்கும்போது இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு போகாதீர்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கத்தில் தேயிலைச் செடிக்குள் காட்டுமாடு நிற்பதும் கரடி குறுக்கே போவதும் நமக்குப் புதிதில்லை, கூடலூர், பந்தலூர் என்றால் யானை. கிளை ஒடியும் சத்தம், புதருக்குள் மூச்சு விடும் சத்தம், முன்னால் போகிறவர் போடும் கூச்சல், இதெல்லாம் கேட்டால்தான் நாம் நிற்போம். ஏஎன்சி போட்டுக்கொண்டு போவது கண்ணைக் கட்டிக்கொண்டு போவது மாதிரிதான். கேட்டே ஆக வேண்டுமென்றால் ஒரு காதில் மட்டும், அதுவும் குறைந்த சத்தத்தில். வளர்ந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைத் தயவுசெய்து சொல்லி வையுங்கள்.

போனில் என்ன ஓட்டை இருக்கிறது

இது சின்ன விஷயம், ஆனால் வாங்கி வந்த பிறகுதான் பாதிப்பேர் பார்க்கிறார்கள். போனில் 3.5 மில்லிமீட்டர் வட்ட ஓட்டை இருந்தால் வேலை சுலபம், எந்த வயர் இயர்போனும் போடலாம். வெறும் டைப் சி மட்டும்தான் என்றால் ஒரு கன்வெர்ட்டர் வாங்க வேண்டும், அதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று வெறும் வயர் மாற்றி, போனே பாட்டை அலையாக மாற்றிக் கொடுத்தால்தான் அது வேலை செய்யும், நிறைய போன்கள் அப்படிக் கொடுப்பதில்லை. மற்றொன்றில் டிஏசி என்ற குட்டிச் சிப் உள்ளேயே இருக்கும், அது பெரும்பாலும் எல்லாவற்றிலும் ஓடும். நூறு ரூபாய் கூடினாலும் டிஏசி இருக்கிறது என்று வெளிப்படையாக எழுதியிருப்பதையே வாங்குங்கள்.

ரேடியோ கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எஃப்எம் உள்ள போனில் வயர் இயர்போனைச் சொருகினால்தான் ஸ்டேஷன் எடுக்கும், ஏனென்றால் அந்த வயர்தான் ஆன்டெனா. மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போய், டவரும் செத்து, இரண்டு நாள் நெட் இல்லாமல் உட்கார்ந்திருக்கும்போது எந்த ரோடு அடைத்திருக்கிறது என்று சொல்ல ரேடியோதான் மிஞ்சும். பழனி மலையில் கொடைக்கானல் வானொலி 100.5-ல் வருவதைக் கேட்டுப் பழகினவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். புளூடூத் பட்ஸ் மட்டும் வைத்திருந்தால் இந்த வசதி இல்லை, டைப் சி கன்வெர்ட்டர் எல்லாவற்றிலும் ரேடியோ எடுக்காது என்பதையும் மனதில் வையுங்கள்.

வயரா, புளூடூத்தா

முதல் தடவை வாங்குகிறவர், பட்ஜெட் 1500, என்றால் நான் யோசிக்காமல் வயர் என்பேன். அதே விலை புளூடூத் பட்ஸில் உங்கள் காசு பேட்டரிக்கும் சிப்புக்கும் கேஸுக்கும் மைக்குக்கும் பிரிந்து போய், சத்தம் எழுப்பும் டிரைவருக்கும் அதைச் சரியாக அமைப்பதற்கும் மிச்சம் கொஞ்சம்தான் போகும். வயரில் கிட்டத்தட்ட எல்லாக் காசும் சத்தத்துக்கே. பட்ஸுக்குள் இருக்கும் பேட்டரி கடுகு மாதிரி சின்னது, இரண்டு மூன்று வருடத்தில் தேய்ந்துவிடும், கழற்றி மாற்ற முடியாது. மார்கழி, தை மாதத்தில் ஊட்டியில் உறைபனி விழுந்து புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கிற காலையில் லித்தியம் பேட்டரி எதுவுமே வழக்கத்தைவிடச் சீக்கிரம் இறங்கும், பட்ஸ் இன்னும் சீக்கிரம். கரண்ட் இல்லாத நாளில் வயர் இயர்போனுக்கு சார்ஜ் கவலையே கிடையாது.

புளூடூத்துக்கு நியாயமான இடமும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். சமையல் செய்துகொண்டே கேட்பவர், கடையில் நின்றபடி வேலை பார்ப்பவர், வயர் எங்கேயாவது மாட்டி போனையே இழுத்துப் போட்டுவிடும் என்று பயப்படுபவர், இவர்களுக்கு அது நல்லது. அப்படியென்றால் தனித்தனி பட்ஸை விட கழுத்தில் மாட்டும் நெக்பேண்ட் பாருங்கள். பேட்டரி பெரியது, ஒன்று கழன்று தேயிலைச் செடிக்குள் விழுந்து தொலைவதும் நடக்காது. தண்ணீர்த் தடுப்பு எண் ஐபிஎக்ஸ்4 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், அந்த எண் தெறிக்கும் தண்ணீருக்குத்தான், வாளியில் விழுந்தால் காப்பாற்றும் என்று அர்த்தமில்லை. வயரில்லாத ஹெட்போன், இயர்போனுக்கு இந்தியாவில் பிஐஎஸ் என்ற இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம், பெட்டியில் ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண் இருக்கும், பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டுப் பார்த்தால் யார் பெயரில் இருக்கிறது என்று தெரியும். நடைபாதையில் 300 ரூபாய்க்குக் கிடைக்கும் டூப்ளிகேட்டை அடையாளம் காண இது போதும்.

வடிவம்: காதுக்குள்ளா, காது மேலா, காதைச் சுற்றியா

காதின் வாசலில் தொங்கும் பழைய பட்டன் வகை எதையும் அடைக்காது, மழைக்கு உதவாது. காது மேல் அழுத்தும் சின்ன ஹெட்போன் விலை குறைவு, சோனியின் இசட்எக்ஸ்110 மாதிரி, ஆனால் ஒரு மணி நேரத்தில் காது மடல் வலிக்கும், கண்ணாடி போட்டவர்களுக்கு அதற்கும் முன்னால். காதைச் சுற்றி மூடும் பெரிய வகைதான் நீண்ட நேரம் படிப்பவர்களுக்கு சுகம். சரி, அப்படியானால் அதையே வாங்கலாமே என்றால், நம் ஊரில் ஒரு சிக்கல் இருக்கிறது. டிசம்பர் குளிரில் குல்லாய் இல்லாமல் யாரும் உட்காருவதில்லை. குல்லாய்க்கு மேலே ஹெட்போனை மாட்டினால் பஞ்சுக்கும் தலைக்கும் நடுவில் கம்பளி வந்து இடைவெளி விழும், அந்த இடைவெளி வழியாக பாஸ் என்ற கனமான சத்தம் முழுக்க ஓடிப்போய்விடும். ஆயிரம் ரூபாய்க்குள் வரும் பெரிய ஹெட்போன்களின் பஞ்சு உறை ரெக்ஸின் மாதிரி இருக்கும், இரண்டு மழைக்காலத்தில் உரிந்து கறுப்புத் துகளாகக் காதில் ஒட்டும்.

காதுக்குள் போகும் இயர்போனுக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை, குல்லாய் அதற்கு மேலேயே இறங்கும். அதில் ஒரே ஒரு குறை, வயர் ஸ்வெட்டரில் உரசும்போது கரகர என்று காதுக்குள் கேட்கும். அதற்குத்தான் சில இயர்போன்களில் வயரைக் காது மடலுக்கு மேலே சுற்றிப் பின்பக்கமாக விடும் அமைப்பு இருக்கிறது, முதல் நாள் மாட்டத் தெரியாமல் எரிச்சலாக இருக்கும், நாலு நாளில் கை பழகிவிடும், உரசல் சத்தம் பெருமளவு நின்றுவிடும். மேடையில் பாடுகிறவர்கள் இப்படித்தான் மாட்டுகிறார்கள்.

பெட்டியில் இருக்கும் எண்கள்

டிரைவர் 10 மில்லிமீட்டர், 13 மில்லிமீட்டர், 40 மில்லிமீட்டர் என்பதெல்லாம் அளவுதான், தரம் இல்லை. 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்று எல்லாப் பெட்டியிலும் இருக்கும், அது மனிதக் காதின் எல்லை, அதைப் போடாத பெட்டியே கிடையாது, எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. பார்க்க வேண்டிய எண் இரண்டு. ஓம்ஸ், அதாவது மின்தடை, 16 முதல் 32 வரை இருந்தால் போன் சுலபமாகத் தள்ளும். 250 ஓம்ஸ் ஸ்டுடியோ ஹெட்போனை செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டால் போனில் முனகும். சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கும் மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் எழுப்பும் என்ற அளவு, 100 டெசிபலை ஒட்டி அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். இந்த இரண்டுக்கு மேல் பெட்டியிடம் கேட்க ஒன்றுமில்லை.

இணையத்தில் தேடினால் ஒவ்வொரு மாடலுக்கும் கோட்டுப்படம் போட்டு அளந்து வைத்திருப்பார்கள். அதில் 3000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு மேடு இருக்கும், புதிதாகப் பார்ப்பவர்கள் அதைப் பழுது என்று நினைக்கிறார்கள். காரணம் இதுதான்: காதுக் குழாய் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளம், புல்லாங்குழல் துளை மாதிரி அதற்கும் ஒரு சொந்த ஸ்வரம் உண்டு, 3000-ஐ ஒட்டிய சத்தத்தை அது தானாகவே கூட்டிக் கொடுக்கும், பிறந்ததிலிருந்து நாம் எல்லாக் குரலையும் அப்படித்தான் கேட்டு வருகிறோம். ரப்பரை வைத்து அந்தக் குழாயை அடைத்துவிட்டால் அந்தக் கூட்டல் மாறிப்போகும், எனவே இயர்போனே அந்த மேட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மேடு இல்லாத இயர்போனில் பாடகர் கம்பளிக்குள்ளிருந்து பாடுவது போல இருப்பார். இடது கோடிப் பகுதி, அதாவது பாஸ், நடுப்பகுதியை விட மலை மாதிரி உயர்ந்திருந்தால் மட்டும் தள்ளி வையுங்கள்.

எதை வாங்கலாம்

ஆயிரத்துக்குள் என்றால் கேஇசட் கம்பெனியின் வயர் இயர்போன்கள், வயர் கழற்றி மாட்டும்படி வரும், போனில் பேச மைக் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். சில மாடலில் பாஸும் கீச்சும் தூக்கலாக இருக்கும், அதைச் சரி செய்யும் வழியைக் கீழே சொல்கிறேன். 1500-க்கும் 2500-க்கும் நடுவில் போக முடிந்தால் செவன் ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஸீரோ, மூன்ட்ராப் சூ 2, இரண்டில் ஒன்று. இரண்டிலும் 10 மில்லிமீட்டர் டிரைவர் ஒன்றுதான், இரண்டிலும் குரல் குரலாகவே வரும், வயர் இரண்டு பின் வகை, அறுந்தால் முன்னூறு நானூறு ரூபாயில் வேறு வயர் போட்டுக்கொள்ளலாம். சூ-வின் முதல் பதிப்பில் வயர் நிரந்தரமாக ஒட்டியது, பழையதை வாங்கிவிடாதீர்கள். விலை நாளுக்கு நாள் ஏறி இறங்கும், பண்டிகை நேரத்தில் குறையும்.

வயர் கழன்று வருவதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், இயர்போன் சாவது பெரும்பாலும் ஜாக்குக்குப் பக்கத்தில் வயர் முறிந்துதான். அதை மாற்ற முடிந்தால் ஒரே இயர்போன் பல வருடம் வரும்.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது

இது சமவெளியில் இருப்பவர்களுக்குத் தேவைப்படாத அறிவுரை, நமக்குத் தேவை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் போகும்போது ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நேர் கீழே இறங்குகிறோம், காற்றழுத்தம் கூடும், காது அடைக்கும். செவிப்பறை உள்பக்கமாக அழுந்தி இறுகியிருக்கும் அந்த நேரத்தில் எல்லாமே மந்தமாகக் கேட்கும். பல வருடங்களுக்கு முன் நான் இப்படித்தான் பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு கோயம்புத்தூர் காந்திபுரத்தில் ஒரு கடைக்குள் போய் ஆறேழு ஹெட்போன் மாட்டிப் பார்த்தேன். எல்லாமே மங்கலாக இருக்க, ஒன்று மட்டும் தெளிவாக, பளிச்சென்று கேட்டது. 1800 ரூபாய் கொடுத்து வாங்கி, வீட்டுக்கு வந்து மறுநாள் காலையில் போட்டால் ஒவ்வொரு "ச" எழுத்தும் ஊசி மாதிரி குத்துகிறது. அதன் கீச்சு அளவுக்கு மிஞ்சியது, அடைத்த காதுக்கு அது தெளிவாகத் தெரிந்திருக்கிறது. கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. அந்த மாதச் சம்பளத்தில் அது எனக்குப் பெரிய தொகை.

அதனால் இறங்கியதும் ஒரு டீ குடியுங்கள், எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள், காது 'பட்' என்று திறந்து ஒரு மணி நேரம் ஆன பிறகு கடைக்குப் போங்கள். சளி பிடித்திருக்கும் வாரத்தில் போகவே வேண்டாம். பஸ்ஸில் இறங்கும்போதும் காதுக்குள் அடைக்கும் இயர்போனை அவ்வப்போது கழற்றி விடுங்கள், அடைத்த குழாய்க்குள் காற்று மாட்டிக்கொண்டு வலிக்கும்.

கேட்டுப் பார்க்கக் கடைக்காரர் போடும் பாட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள், நூறு தடவை கேட்ட உங்கள் சொந்தப் பாட்டைப் போனில் இறக்கிக்கொண்டு போங்கள். நான் மூன்று பார்ப்பேன். மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒன்று: தொப்பியில் விழும் அடி வீங்கி, வலந்தலையின் விரல் சத்தத்தை மூடிவிட்டால் பாஸ் அதிகம். நாதஸ்வரம்: கிட்டத்தில் நின்று கேட்டால் கணீரென்று இருக்கும் வாத்தியம்தான், ஆனாலும் நல்ல ஹெட்போனில் காது கூசக் கூடாது. மூன்றாவது, யாராவது சும்மா பேசுவது, செய்தி வாசிப்போ வகுப்போ. பேச்சு இயல்பாக இல்லாத ஹெட்போனில் பாட்டும் இயல்பாக இருக்காது. ஒவ்வொன்றையும் ஒரே சத்த அளவில் வைத்துக் கேளுங்கள், சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதையே நம் காது நல்லது என்று எடுத்துக்கொள்ளும்.

ஆன்லைனில் வாங்குவதென்றால் கேட்டுப் பார்க்க வழியில்லை, ஆகையால் திரும்ப எடுப்பார்களா, எத்தனை நாளுக்குள், நம் பின்கோடுக்கு வந்து எடுப்பார்களா என்று முதலில் பாருங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்து வையுங்கள். வாரன்டி விஷயத்தில் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம்.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை

ரப்பர். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைப்பேன் என்றால் இதை வையுங்கள். பெட்டிக்குள் மூன்று அளவு ரப்பர் கொடுப்பார்கள், மாட்டி வருவது நடு அளவு, நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மற்ற இரண்டையும் பெட்டியோடு பரணில் போட்டுவிடுவார்கள். "பாஸே இல்லை, டப்பா மாதிரி இருக்கு" என்று என்னிடம் கொண்டுவந்த இயர்போன்களில் பலதும் ரப்பர் மாற்றியதும் சரியாகிவிட்டவைதான். காதுக்கும் ரப்பருக்கும் இடையில் ஊசி நுழையும் இடைவெளி இருந்தாலே கனமான சத்தம் கசிந்து போய்விடும்.

போடும்போது ஒரு கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்துக்கொண்டு, மறு கையால் உள்ளே வைத்து, மடலை விடுங்கள். பாட்டு போடாமல் உங்கள் விரலைக் காதுக்குப் பக்கத்தில் உரசிப் பாருங்கள், சத்தம் நன்றாக மங்கினால் அடைத்திருக்கிறது. சொந்தக் குரலில் பேசினால் தலைக்குள் கொழகொழவென்று எதிரொலிக்க வேண்டும். வாயைத் திறந்து மூடினால் கழன்று வருகிறதென்றால் அளவு தப்பு. முதலில் சொன்ன அந்த லைன் பையனுக்கு இடது காதில் நடு அளவு, வலது காதில் பெரிய அளவு என்று அமைந்தது, இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அவன் ஆயிரத்துக்குள் ஒரு வயர் இயர்போன் வாங்கி, மீதிக் காசில் ஃபோம் ரப்பர் ஒரு ஜோடி வாங்கினான், மழைக்கு வழக்கமான சிலிக்கோன் ரப்பரை விட ஃபோம் கூடுதலாகத் தடுக்கும். குளிர் காலையில் ஃபோம் விறைத்துக் கிடக்கும், விரலால் உருட்டிச் சூடாக்கி, ஒடுக்கி உள்ளே வைத்து, அது விரியும் வரை அரை நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் சரியான பிறகும் பாஸோ கீச்சோ மிஞ்சினால், அவற்றைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர். ஆண்ட்ராய்டில் வேவ்லெட் என்ற செயலியில் ஆயிரக்கணக்கான மாடல்களுக்குத் திருத்தம் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார்கள், உங்கள் மாடல் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். பணம் செலவில்லாமல் இவ்வளவு மாற்றம் கிடைக்கிற வேறு எதுவும் இதில் இல்லை. கையாலேயே செய்வதென்றால் எதையும் கூட்டாதீர்கள், மிஞ்சியதைக் குறையுங்கள்.

சத்தத்தைப் பற்றி ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். அதுவே 90 டெசிபல் ஆனால் வெறும் 4 மணி நேரம். பத்து டெசிபல் என்பது போனில் மூன்று நாலு தட்டுத்தான். மழை நாளில் அடைக்காத இயர்போனைப் போட்டுக்கொண்டு மழையை ஜெயிக்கச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள், மழை விட்ட பிறகும் அதைக் குறைப்பதில்லை. நல்ல ரப்பர் போட்டால் பாதிச் சத்தத்திலேயே எல்லாம் கேட்கும். கழற்றிய பிறகு காதில் "ங்ங்" என்று ஒரு ரீங்காரம் இருந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள், அடிக்கடி வந்தால் காது மருத்துவரிடம் போங்கள், உள்காதின் மயிரிழை செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது.

மூடுபனிக் காலத்தில்

ஆனி ஆடியில் கூடலூர்ப் பக்கமும் ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கமும் பெல்ட், செருப்பு எல்லாம் பூஞ்சை பிடிக்கும்போது இயர்போன் மட்டும் தப்பாது. ஜாக்கில் பச்சை பூத்தால் கரகரவென்று கேட்கும், ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துக் காய விடுங்கள். ரப்பரை வாரம் ஒரு முறை கழற்றி சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டுங்கள், ஃபோமைக் கழுவ வேண்டாம், அழுக்கானால் மாற்றிவிடுங்கள். பனியில் நடந்துவிட்டு வந்தால் உடனே டப்பாவில் போட்டு மூடாமல் அறைக்குள் கொஞ்ச நேரம் வெளியே வைத்து ஈரம் போக விடுங்கள். அப்புறம் மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பா ஒன்று, செருப்புப் பெட்டி, மருந்து பாட்டிலில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் மூன்று நாலு, வயரை விரலில் இறுக்கிச் சுற்றாமல் உள்ளங்கை அகலத்துக்குத் தளர்வாக வளைத்து அதற்குள். அடுப்புக்கு மேல் அலமாரியில் வைக்காதீர்கள், சூட்டில் வயர் உறை விறைத்து வெடிக்கும், துணி அலமாரியின் மேல் தட்டு போதும்.